தண்டவாளத்தில் நட்டம், மனையில் லாபம்

ஆட்டம் தொடங்கும்போது உங்களிடம் ஒரு ரயில்வே கம்பெனி இருக்கிறது. கையில் கொஞ்சம் ரொக்கம். திரையில் வயல், காடு, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில வீடுகள். தண்டவாளம் போடுகிறீர்கள், இரண்டு நிலையங்கள் கட்டுகிறீர்கள், ஒரு ரயிலை வாங்கி ஓடவிடுகிறீர்கள். ரயில் அழகாக ஓடுகிறது, ஏறத்தான் ஆளில்லை. கணக்கைத் திறந்து பார்த்தால், டிக்கெட் வரவு ரயிலை ஓட்டும் செலவுக்கே காணவில்லை. புதிதாக ஆடுகிறவர் இந்த இடத்தில் ஒரு தப்பு செய்வார்: இன்னும் இரண்டு ரயில் வாங்குவார். நட்டம் கூடும். கொஞ்ச நாளில் கஜானா காலியாகிக் கம்பெனி திவாலாகும்.

இந்த ஆட்டத்தின் பெயர் 'ஏ ரெஷ்ஷா தே இகோ'. 'ஏ ரயிலில் போவோம்' என்று பொருள். டியூக் எலிங்டன் இசைக்குழு புகழ்பெறச் செய்த ஒரு ஜாஸ் பாட்டுக்கு ஜப்பானியர் வழங்கும் பெயரும் இதுதான். ஆர்ட்டிங்க் என்ற ஜப்பானிய நிறுவனத்தின் இந்த ஆட்டம் முதலில் 1985-இல் வந்தது. அப்போது அது பாதை போடும் புதிர் விளையாட்டு. 1990 டிசம்பரில் மூன்றாம் பாகம் வந்தபோதுதான் அது ஒரு முழுக் கம்பெனியை நடத்தும் விளையாட்டாக வளர்ந்திருந்தது. வங்கிக் கடன், பங்குச் சந்தை, துணை நிறுவனங்கள், வருமான வரி எல்லாம் அதில் உண்டு. 1992-இல் அமெரிக்காவின் மேக்ஸிஸ் நிறுவனம் அதை 'ஏ-டிரெயின்' என்ற பெயரில் ஆங்கிலத்தில் கொண்டுவந்தது.

ரயில் ஆட்டம் என்று நினைத்து வாங்கியவர்களுக்கு ஒரு விஷயம் மெதுவாகத்தான் விளங்கும். இதில் ரயில் ஓட்டிப் பணக்காரராக முடியாது. ரயில் என்பது வலை. மீன் வேறு இடத்தில் இருக்கிறது. அந்த மீனைப் பிடிக்கும் வித்தை ஆர்ட்டிங்க் கண்டுபிடித்தது அல்ல. ஜப்பானில் அதற்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது.

ஊர் எப்படி முளைக்கிறது?

இந்த ஆட்டத்தில் ஊரை யாரும் வரைந்து வைப்பதில்லை. அது தானாக முளைக்கிறது. முளைப்பதற்கு மூன்று பொருத்தம் வேண்டும்: அருகில் ரயில் நிலையம், வந்துபோக மக்கள், கட்டுவதற்குச் சரக்கு. மூன்றாவதுதான் இந்த ஆட்டத்தின் தனித்தன்மை. தொழிற்சாலையிலிருந்தோ வெளியூரிலிருந்தோ கட்டுமானப் பொருளைச் சரக்கு ரயிலில் ஏற்றிவந்து இறக்க வேண்டும். அது குவிந்திருக்கும் இடத்தைச் சுற்றித்தான் வீடுகள் எழும்பும். ஆகவே, பயணி ரயிலுக்கு முன்னால் சரக்கு ரயில் ஓட வேண்டும்.

வீடுகள் வந்தால் வேலைக்குப் போகிறவர்கள் நிலையத்துக்கு வருவார்கள். ஆள் நடமாட்டம் கூடினால் கடைகள் வரும். கடைகள் வந்தால் இன்னும் வீடுகள். கொஞ்ச காலத்தில் அலுவலகக் கட்டடங்கள். ஒவ்வொன்றும் அடுத்ததைத் தூண்டுகிறது. தூண்டப்பட்டது திரும்பிவந்து முதலாவதை வளர்க்கிறது. அறிவியலில் இதற்கு நேர்ப் பின்னூட்டம் என்று பெயர். ஒலிபெருக்கிக்கு முன்னால் மைக்கைக் காட்டினால் சிறு சத்தம் சுற்றிச்சுற்றி வந்து ஊளையாகிறதே, அதே தத்துவம்தான்.

இதோடு ஒப்பிடத் தக்கது 1989-இல் வந்த வில் ரைட்டின் 'சிம்சிட்டி'. அதில் நீங்கள் மேயர். வளரும் ஊரெல்லாம் உங்களுக்கு வரி கட்டும். ஏ-டிரெயினில் நீங்கள் ஒரு தனியார் கம்பெனித் தலைவர். ஊர் வளர்ந்தால் பலன் அந்தந்த மனைக்காரருக்குப் போகும், உங்களுக்கு டிக்கெட் காசு மட்டும். பலனில் பங்கு வேண்டுமானால் நீங்களும் மனைக்காரர் ஆக வேண்டும். சிக்கல் என்னவென்றால், நிலையம் கட்டியதுமே சுற்றிலும் நிலத்தின் விலை ஏறிவிடும். நீங்களே ஏற்றிய விலையைக் கொடுத்து நீங்களே வாங்க வேண்டியதாகிவிடும். கெட்டிக்கார ஆட்டக்காரர் நிலத்தை முதலில் வாங்கிவிட்டு நிலையத்தைப் பிறகு கட்டுவார்.

டிக்கெட்டில் அகப்படாத பணம்

ரயில் வந்தால் நில விலை ஏன் ஏறுகிறது? 'வசதி கூடுகிறது' என்று சொல்லி நிறுத்திக்கொள்ளலாம். கணக்காகவே பார்த்தால் இன்னும் சுவை.

ஜெர்மனியின் யோஹான் ஃபான் தூனென் 1826-இல் வெளியிட்ட நூலில், சந்தையிலிருந்து விலக விலக நிலத்தின் குத்தகை எப்படிக் குறைகிறது என்று கணக்கிட்டுக் காட்டினார். அவர் பேசியது விவசாய நிலத்தைப் பற்றி. 1964-இல் வில்லியம் அலோன்சோ அதே கணக்கை நகரத்துக்குப் பொருத்தினார். சாரம் இதுதான்: வீட்டு வாடகையும் பயணச் செலவும் ஒரே பையிலிருந்து போகின்றன. ஒன்று குறைந்தால் மற்றொன்றுக்கு அதிகம் கொடுக்க மனிதர் தயாராக இருப்பார்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு கணக்கு. ஒரு குடும்பம் வீட்டுக்கும் போக்குவரத்துக்கும் சேர்த்து மாதம் 100 யென் ஒதுக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். நகரத்துக்கு வெளியே ஒரு கிராமம். அங்கிருந்து வேலைக்குப் போய்வர, செலவாகும் நேரத்தையும் காசாக்கினால், 70 யென். அப்படியானால் அந்தக் கிராமத்து வீட்டுக்கு அவர்கள் 30 யென்னுக்கு மேல் தரமாட்டார்கள். இப்போது ரயில் வருகிறது. பயணத்தின் மொத்தச் செலவு 20 யென்னாகக் குறைகிறது. அதே வீட்டுக்கு 80 யென் கொடுக்க இப்போது போட்டி வரும். மிச்சமான 50 யென் யாருக்குப் போனது? கடன் வாங்கித் தண்டவாளம் போட்ட கம்பெனிக்குப் போகவில்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த நிலக்காரருக்குப் போனது.

கம்பெனி டிக்கெட் விலையை ஏற்றி அதைப் பிடிக்கலாமே என்று கேட்கலாம். ஜப்பானில் ரயில் கட்டணத்தை உயர்த்த அரசின் ஒப்புதல் வேண்டும். கட்டணத்தில் பிடிக்க முடியாத பணத்தை மனையில்தான் பிடித்தாக வேண்டும். ரயில் உண்டாக்கிய மதிப்பை நிலத்தின் வழியாக மீட்டெடுக்கும் இந்த வழியை இன்று உலகெங்கும் நகரத் திட்டமிடுவோர் பாடமாகப் படிக்கிறார்கள். ஆட்டக்காரர் அதைத் தன் கம்பெனி ஒருமுறை திவாலான பிறகு கற்றுக்கொள்கிறார்.

கொபயாஷியின் கணக்கு

நிஜத்தில் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியவர் கொபயாஷி இச்சிஸோ (1873–1957). மித்சுய் வங்கியில் வேலை பார்த்தவர். 1907-இல் தொடங்கப்பட்ட மினோ-அரிமா மின்ரயில் கம்பெனி அவர் பொறுப்புக்கு வந்தது. ஒஸாகாவின் உமேதாவிலிருந்து வயலும் குன்றுமாகக் கிடந்த பக்கம் போகும் பாதை அது. பெயரில் உள்ள அரிமா வெந்நீர் ஊற்றுவரை அந்தப் பாதை கடைசிவரை போய்ச் சேரவே இல்லை. போட்ட பணம் தேறுமா என்று பங்குதாரர்களே சந்தேகப்பட்ட திட்டம்.

பாதை போகவிருந்த வழியைக் கொபயாஷி காலால் நடந்து பார்த்தார். ரயிலுக்கு ஆள் இல்லாத இடம், வீட்டுக்கு நல்ல இடம் என்று அவருக்குப் பட்டது. அன்றைய ஒஸாகா பஞ்சாலைகளின் ஊர். கிழக்கின் மான்செஸ்டர் என்று பெயர் வாங்கியது. புகையில் வாழ்ந்த நடுத்தர வர்க்கத்துக்கு நல்ல காற்றை விற்கலாம் என்று முடிவு செய்தார். ரயில் ஓடும் முன்பே, விலை ஏறாத நிலத்தை வாங்கிப் போட்டார்.

1910 மார்ச்சில் ரயில் ஓடத் தொடங்கியது. அதே ஆண்டில் பாதையோரத்து இகேதாவில் வீடுகள் விற்பனைக்கு வந்தன. முன்பணமாக ஒரு பகுதியைக் கட்டினால் போதும், மீதியை 10 ஆண்டு மாதத் தவணையில் அடைக்கலாம். மாதச் சம்பளக்காரர் சொந்த வீடு வாங்கும் வழி அது. வீடு வாங்கியவர் தினமும் அந்த ரயிலில்தான் வேலைக்குப் போக வேண்டும். ஒரே ஆள் மனைக்கும் வாடிக்கையாளர், ரயிலுக்கும் வாடிக்கையாளர். அந்தக் கம்பெனிதான் பின்னாளில் ஹான்க்யூ ஆனது.

மற்றவர்களும் இந்த வழியில் வந்தார்கள். டோக்கியோ பக்கத்தில் கோத்தோ கெய்தாவின் டோக்யூ நிறுவனம் தமா மலைச்சரிவில் சுமார் 5,000 ஹெக்டேர் பரப்பில் ஒரு புறநகரை வளர்த்தது. அதை ஊடறுத்துச் செல்லும் பாதையின் முக்கியப் பகுதி 1966-இல் திறக்கப்பட்டது. இங்கே நிலம் முழுவதையும் வாங்கவில்லை. நில மறுசீரமைப்பு என்ற முறையைக் கையாண்டார்கள். நிலக்காரர்கள் எல்லோரும் தங்கள் நிலத்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுப்பார்கள். அதில் சாலையும் பூங்காவும் அமையும். மிஞ்சியதைக் கொடுத்துக் கட்டுமானச் செலவை ஈடுகட்டுவார்கள். 100 பங்கு நிலம் 70 பங்காகச் சுருங்கினாலும், விலை இரட்டித்தால் அதன் மதிப்பு 140. கொடுத்தவருக்கும் லாபம், எடுத்தவருக்கும் லாபம். விலை இரட்டிக்கும் என்ற நம்பிக்கைதான் இதன் அச்சாணி.

காலியாகத் திரும்பும் ரயில்

வீடு விற்றதோடு கொபயாஷியின் வேலை முடியவில்லை. புறநகர் ரயிலுக்கு ஒரு பிறவிக் குறை உண்டு. காலையில் எல்லோரும் நகரத்தை நோக்கிப் போவார்கள், ரயில் பிதுங்கும். திரும்பி வருகையில் காலி. மாலையில் தலைகீழ். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பக்கமும் காலி. ஆனால் எத்தனை பெட்டி, எத்தனை ஓட்டுநர் வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது காலை நேர நெரிசல்தான். காலியாகத் திரும்பும் இருக்கைக்கும் செலவு ஆகிவிட்டது. அதில் ஒருவரை உட்கார வைத்தால் வருவது அனேகமாக முழு லாபம்.

எனவே கொபயாஷி எதிர்த்திசையில் போவதற்குக் காரணங்களை உண்டாக்கினார். பாதையின் கோடியில் 1911-இல் தகராஸுகா வெந்நீர் விடுதி. அங்கே கட்டிய உள்ளரங்க நீச்சல் குளம் தண்ணீர் சில்லிட்டுக் கிடந்ததால் தோற்றது. குளத்தின் மேல் பலகை போட்டு மூடி அரங்கமாக்கி, பெண்கள் மட்டுமே நடிக்கும் இசை நாடகக் குழுவை 1914-இல் மேடை ஏற்றினார். தகராஸுகா நாடகக் குழு நூற்றாண்டு கடந்து இன்றும் நடக்கிறது. நகரத்துப் பக்கக் கோடியான உமேதா நிலையத்தில் 1929-இல் ஹான்க்யூ பல்பொருள் அங்காடி வந்தது. அலுவலக நேரம் கழிந்த பகல் வேளையில் இல்லத்தரசிகள் ரயில் ஏறி வந்தார்கள்.

ஏ-டிரெயினில் குடியிருப்பு, வாடகைக் கட்டடம், விடுதி, பொழுதுபோக்குப் பூங்கா, கோல்ஃப் மைதானம், விளையாட்டரங்கு என்று துணை நிறுவனப் பட்டியல் ஒன்று வரும். ரயில் கம்பெனிக்குக் கோல்ஃப் மைதானம் எதற்கு என்று அமெரிக்க ஆட்டக்காரர் விழித்திருப்பார். ஜப்பானியச் சிறுவனுக்கு அந்தக் கேள்வி எழுந்திராது. அவன் ஏறும் ரயில், அம்மா போகும் கடை, ஞாயிற்றுக்கிழமை போகும் பூங்கா மூன்றின் மேலும் பெரும்பாலும் ஒரே கம்பெனியின் பெயர் இருக்கும்.

640 புள்ளிக்குள் ஒரு நகரம்

இவ்வளவையும் அன்றைய கணினி எப்படித் தாங்கியது? மூன்றாம் பாகம் பிறந்த இடம் என்இசி நிறுவனத்தின் பிசி-9801 வகைக் கணினி. முதன்மை நினைவகம் 640 கிலோபைட். இன்று கைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் அதில் கொள்ளாது. ஆனால் அதன் திரைக்கு ஒரு தனிப் பலம் இருந்தது. ஜப்பானிய மொழியின் 'கஞ்சி' எழுத்துகளில் கோடுகள் அதிகம். படிக்கும்படி காட்ட ஒவ்வொன்றுக்கும் 16-க்கு 16 புள்ளிக் கட்டம் வேண்டும். அப்படி வரிக்கு 40 எழுத்தாக 25 வரி எழுத, 640-க்கு 400 புள்ளி கொண்ட திரை தேவைப்பட்டது. எழுத்துக்காகச் செய்த ஏற்பாடு படத்துக்கும் பயன்பட்டது. ஜன்னல்கூடத் தெரியும்படி குட்டிக் குட்டிக் கட்டடங்களை வரைய முடிந்தது.

ஊரை மேலிருந்து சாய்வாகப் பார்ப்பது போன்ற காட்சியும் சிக்கனத்தின் பிள்ளைதான். உண்மையான முப்பரிமாணக் கணக்கு எதுவும் தேவையில்லை. தரையைச் சாய்சதுரக் கட்டங்களாகப் பிரித்து, தூரத்துக் கட்டத்திலிருந்து தொடங்கிக் கிட்டே உள்ளதுவரை படங்களை வரிசையாக வைத்துக்கொண்டே வந்தால் போதும். முன்னால் இருப்பது பின்னால் இருப்பதைத் தானாக மறைத்துவிடும். இத்தகைய கணினிகள் 4,096 நிறங்களிலிருந்து ஒரு நேரத்தில் 16-ஐத்தான் காட்டும். ஒரு புள்ளியில் பதிந்திருப்பது நிறம் அல்ல, நிறப்பட்டியலில் அதன் எண். பட்டியலில் 16 இடங்களை மாற்றினால், ஒரு புள்ளியைக்கூடத் திரும்ப வரையாமல் பகலை இரவாக்கிவிடலாம்.

காலக் கணக்கில் மட்டும் ஆட்டம் மனசாட்சியோடு பொய் சொல்கிறது. ரயில் நாலு தெருவைக் கடப்பதற்குள் திரையின் கடிகாரத்தில் மணிக்கணக்கு ஓடிவிடும். அப்படி இல்லையென்றால் ஓர் ஊர் வளர்வதைப் பார்க்க ஆட்டக்காரர் பல ஆண்டு காத்திருக்க வேண்டும். எந்தப் போலச்செய்தலும் எதையாவது சுருக்கித்தான் ஆக வேண்டும். எதைச் சுருக்குகிறது, எதை அப்படியே வைத்திருக்கிறது என்பதில்தான் அதன் கருத்து இருக்கிறது. ஆர்ட்டிங்க் தூரத்தையும் காலத்தையும் சுருக்கியது. கணக்குப் புத்தகத்தைச் சுருக்கவில்லை.

குமிழி

முதல் ஆட்டம் வந்த அதே 1985-இல், செப்டம்பரில், டாலரின் மதிப்பை இறக்குவதற்கான பிளாசா ஒப்பந்தம் கையெழுத்தானது. யென்னின் மதிப்பு கிடுகிடுவென ஏறியது. ஏற்றுமதி அடிவாங்காமலிருக்க ஜப்பானிய மைய வங்கி 1987-க்குள் வட்டியை 2.5 சதவீதத்துக்கு இறக்கியது. மலிவான கடன் நிலத்தில் பாய்ந்தது. நிலத்தை அடமானம் வைத்துக் கடன். கடனில் இன்னொரு நிலம். விலை ஏறியதால் அடமானத்தின் மதிப்பு கூடி இன்னும் கடன். மைக்கும் ஒலிபெருக்கியும் இப்போது நாட்டளவில். நிலத்தின் விலை ஒருநாளும் இறங்காது என்ற நம்பிக்கைக்கு 'நிலப் புராணம்' என்றே ஜப்பானியர் பெயர் வைத்தார்கள்.

1989 டிசம்பர் 29 அன்று நிக்கேய் பங்குக் குறியீடு 38,915-இல் முடிந்தது. மைய வங்கி வட்டியை ஏற்றிக்கொண்டே போய் 1990 ஆகஸ்டில் 6 சதவீதத்தில் நிறுத்தியது. ஓராண்டுக்குள் குறியீடு 24,000-க்குக் கீழே. ஏ-டிரெயினின் மூன்றாம் பாகம் கடைக்கு வந்தது அந்த 1990 டிசம்பரில். பங்கு விழுந்துவிட்டது, நிலம் இன்னும் விழவில்லை. பெருநகர நில விலை 1991-க்குப் பிறகு சரியத் தொடங்கி ஆண்டுக்கணக்கில் சரிந்தது.

ஆட்டத்துக்கும் நிஜத்துக்கும் இங்கே ஒரு விசித்திரமான உறவு இருக்கிறது. கடன் வாங்கு, நிலம் வாங்கு, ரயில் விடு, விலை ஏறியதும் விற்றுக் கடனை அடை என்பதுதான் ஆட்டத்தில் வெல்லும் வழி. அதற்குத் தடையாக ஆட்டம் வைத்திருப்பவை வட்டியும் வரியும். ஏட்டில் கொழுத்த லாபம் இருக்கும், ஆனால் பணமெல்லாம் நிலத்திலும் தண்டவாளத்திலும் முடங்கிக் கிடக்கும். வரி கட்டும் நாள் வந்ததும் கையில் ரொக்கம் இல்லாமல் கம்பெனி விழும். லாபமும் ரொக்கமும் வேறுவேறு என்ற கணக்கியல் பாடத்தை இதைவிடக் கூர்மையாகச் சொல்லித்தரும் ஆசிரியர் அரிது. அதே சமயம், நாடு முழுக்க ஒன்றாக விலை இறங்கும் நாள் எப்படி இருக்கும் என்று இந்த ஆசிரியர் சொல்லித்தரவில்லை. அவருக்கே அது அப்போது தெரியாது.

ஆட்டம் மறைப்பது

ஏ-டிரெயினில் வீட்டை விற்க மறுக்கும் கிழவி இல்லை. எங்கள் ஊருக்கு ரயிலே வேண்டாம் என்று கொடி பிடிக்கும் கூட்டம் இல்லை. போட்டி ரயில் கம்பெனியும் இல்லை. ஒரே ஒரு கம்பெனி நினைத்தபடி ஊர் வளர்கிறது. கொபயாஷியின் வெற்றிக்கு அவர் மூளை மட்டும் காரணம் இல்லை. ஜப்பானின் நகரங்கள் அன்று பெருத்துக்கொண்டே போயின. ஆள் பெருகும் வரைக்கும் நேர்ப் பின்னூட்டம் வரம். ஆள் குறையத் தொடங்கினால் அதே சுழல் பின்பக்கமாகச் சுற்றும்: பயணி குறைந்தால் ரயில் குறையும், ரயில் குறைந்தால் குடி பெயரும், குடி பெயர்ந்தால் கடை மூடும். ஜப்பானின் மக்கள்தொகை 2008 வாக்கில் உச்சம் தொட்டு இறங்கிவருகிறது. கொபயாஷியின் வெந்நீர் விடுதியிலிருந்து வளர்ந்த தகராஸுகா பொழுதுபோக்குப் பூங்கா அதற்கு முன்பே, 2003-இல், மூடப்பட்டுவிட்டது.

இருந்தாலும் இந்தப் பழைய ஆட்டத்தை நான் நல்ல பாடநூல் என்றே சொல்வேன். ரயில், சாலை, பாலம் போன்ற எதைப் பற்றி விவாதம் வந்தாலும் 'டிக்கெட் வரவு செலவுக்குக் கட்டுமா' என்ற கேள்வியோடு நாம் நின்றுவிடுகிறோம். அது உண்டாக்கப்போகும் மதிப்பு யார் பையில் விழப்போகிறது என்பது அடுத்த கேள்வி. அதைக் கேட்காத ஆட்டக்காரர் ஏ-டிரெயினில் சில மாதங்களைத் தாண்டமாட்டார்.

தொடர் இன்னும் நிற்கவில்லை. 2021 மார்ச்சில் நின்டெண்டோ ஸ்விட்சுக்கு வந்த பாகத்தின் மையப்பொருள் சுற்றுலா. உள்ளூர் ஆட்களை நம்பி ரயில் விட்ட கம்பெனி, வெளியூர் ஆட்களை அழைத்துவரக் கிளம்பியிருக்கிறது. தகராஸுகாவில் வெந்நீர் விடுதி திறந்து அப்போது கிட்டத்தட்ட 110 ஆண்டுகள் ஆகியிருந்தன.